நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்: அக்கா கட்டும் வரி எந்தக் கணக்கில் வருகிறது?

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம் அம்மா.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள் நான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. விற்பனை வரிக் காலத்தில் சேர்ந்தேன், அப்புறம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கடைசி நாள் என்பதால், மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எங்கள் அலுவலகத்தில் யாரும் நேரத்துக்குச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்கு முன்னால் தொழில் கூட்டமைப்புகள், பொருளாதார அறிஞர்கள், தொழிற்சங்கங்கள், விவசாய அமைப்புகள் எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒருநாளும் வர வாய்ப்பில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா அவர். மாதச் சம்பளம் 9,000 ரூபாய். வீட்டுக்காரருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான்.

போன டிசம்பர் 15, முன்கூட்டிய வரியின் மூன்றாம் தவணைக்குக் கடைசி நாள். எங்களிடம் பல வருடமாகக் கணக்குக் கொடுக்கும் ஒரு வியாபாரி வந்திருந்தார். நல்ல தொகை கட்டவேண்டி வந்ததில் அவருக்கு வருத்தம். "நாட்டுல நூத்துக்கு ரெண்டு மூணு பேருதான் வரி கட்டறோம். நாம கட்டற காசுலதான் மத்தவங்களுக்கு ஓசி பஸ்ஸு, மாசம் ஆயிரம் ரூபா எல்லாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. காலாகாலத்தில் வரி கட்டுகிறவர், பொய்க்கணக்கு எழுதச் சொல்லி ஒருநாளும் கேட்காதவர். அக்கா அப்போது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அக்கா துடைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே அக்கா கேட்டார்: "ஏஞ்சாமி, நானெல்லாம் வரியே கட்டறதில்லையா?"

தினமும் வரியோடு புழங்குகிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். வேண்டாத தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்.

முதலில் செல்போன். வீட்டில் மூன்று போன், மூன்றுக்கும் 28 நாளுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அந்த 299க்குள்ளேயே அடக்கம். பிரித்துப் பார்த்தால் ஒரு ரீசார்ஜில் 45 ரூபாய் 61 காசு வரி. மூன்று போனுக்கு 136 ரூபாய் 83 காசு. 28 நாள் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதின்மூன்று தடவை. அடுத்து பெட்ரோல். வீட்டுக்காரர் வேலை நடக்கும் இடங்களுக்கு வண்டியில்தான் போகிறார், மாதம் 20 லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு உங்கள் கலால் வரி மட்டும் 21 ரூபாய் 90 காசு. மாதம் 438 ரூபாய். இந்த இரண்டையும் வருடத்துக்குக் கூட்டினால் 7,034 ரூபாய் வருகிறது. அக்காவின் முக்கால் மாதச் சம்பளம்.

வெறும் இரண்டு செலவுக்குத்தான் இந்தக் கணக்கு. எங்கள் மாநில அரசு பெட்ரோலுக்கு வாங்கும் வாட் தனி: 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். அதை நான் சேர்க்கவே இல்லை. ரீசார்ஜ் வரியிலும் பாதி மாநிலத்துக்குத்தான் போகிறது. ஆகவே இது டெல்லி மேல் மட்டும் சொல்லும் குறை அல்ல, சென்னையும் இதில் பங்காளி. குழுக் கடன் 50,000 வாங்கியபோது பிராசஸிங் ஃபீஸ் 500 பிடித்தார்கள், அதற்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாய். கடன் வாங்கும்போதும் வரி என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குறைந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசிக்கு வரி இல்லை, காய்கறிக்கு இல்லை, பாலுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே போயிற்று. நல்ல காரியம், மனதார நன்றி. ஆனால் எட்டு வருடமாக அதே சோப்புக்கு 18 கட்டியவர்களும் இவர்கள்தான். அந்த எட்டு வருடத்தில் இவர்களை யாரும் வரி செலுத்துவோர் என்று அழைக்கவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, வெளியே அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, இன்புட். எங்கள் அலுவலக இணைய இணைப்புக்கும் 18 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. ஆனால் மாதம் முடிந்து ரிட்டர்ன் போடும்போது அதை இன்புட்டாக எடுத்து, நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துவிடுகிறோம். ஆலைக்காரர் நூல் வாங்கும்போது கட்டியதைக் கழிக்கிறார், மொத்த வியாபாரி தன் பங்கைக் கழிக்கிறார், கடைக்காரர் தன் பங்கைக் கழிக்கிறார். தப்பே இல்லை, ஜி.எஸ்.டி.யின் அமைப்பே அதுதான். ஆனால் கை மாறி மாறி வந்து, ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒருவரிடம் அந்த வரி போய் நின்றுவிடுகிறது. அவரால் யாரிடமும் தள்ளிவிட முடியாது. அரசாங்க ஏட்டில் வரி கட்டியவர் என்று கடைக்காரர் பெயர் இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்கும். கைக்காசைக் கொடுத்த அக்காவின் பெயர் எங்கும் இருக்காது.

அதனால்தான் அந்த வியாபாரி அப்படிப் பேசினார். அவர் பேச்சுக்கு அரசாங்கமும் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன். 2016இல் வருமான வரித்துறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கட்டிய தொகையைப் பொறுத்து பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம். எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்களில் ஒருவர் தன் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். அவருடைய பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் ரொக்கத் தொகையை அளந்துதான் அந்தப் பாராட்டு. சம்பாதித்ததில் எத்தனை பங்கைக் கொடுத்தார் என்று அளந்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும். 2020இல் வரி செலுத்துவோர் சாசனம் வந்தது. நானும் அதை வாசித்தேன். வருமான வரி கட்டுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது அது.

இப்போது மேலே இருப்பவர்கள் பக்கம் வருகிறேன். 2025-26 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு, பொதுவாகக் கழித்துக்கொள்ளும் நிலைக் கழிவோடு சேர்த்து, 12.75 லட்சம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் ஐ.டி. கம்பெனியில் வருடம் 12.6 லட்சம் வாங்குகிறார். 2025 ஏப்ரல் முதல் அவருக்கு டி.டி.எஸ்., அதாவது சம்பளத்திலேயே வரி பிடிப்பது, நின்றுவிட்டது. சந்தோஷம்தான், அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. இந்தச் சலுகையால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் வராது என்று உங்கள் உரையிலேயே சொன்னீர்கள். அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. முந்தைய வருடம் ஒதுக்கிய அதே தொகை, ஒரு ரூபாய் கூடவில்லை. ஒரு கையால் விட்டுக்கொடுத்தது, மறு கையால் கொடுத்ததைவிடப் பெரிது.

2019 செப்டம்பர் 20ஆம் தேதி நினைவிருக்கும். கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்கு இறக்கினீர்கள், புதிதாகத் தொடங்கும் உற்பத்தி கம்பெனிகளுக்கு 15. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அன்றைக்கே அரசு கணக்குச் சொன்னது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது எதிர்பார்ப்பு. ஐந்து வருடம் கழித்து, 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை என்ன சொன்னது? பெரிய கம்பெனிகளின் லாபம் 15 வருட உச்சத்தைத் தொட்டது என்றது. 2023-24இல் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தபோது வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் வளர்ந்தது என்றும் அதே அறிக்கை எழுதியது. உங்கள் அமைச்சகத்தின் அறிக்கை அது. 2025-26 பட்ஜெட்டின் ரூபாய்ப் படத்தில், அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் வருமான வரி 22 பைசா, கம்பெனி வரி 17 பைசா. தனி ஆட்கள் கட்டுவது கம்பெனிகள் கட்டுவதைவிட அதிகமாகிவிட்டது.

அதே படத்தில் ஜி.எஸ்.டி.யும் பிற வரிகளும் 18 பைசா, கலால் 5, சுங்கம் 4. விலையோடு சேர்த்து வாங்கும் மறைமுக வரி மொத்தம் 27 பைசாதானே, நேரடி வரி 39 பைசா ஆயிற்றே என்று யாராவது சொல்லலாம். படம் ஒன்றிய அரசுடையது மட்டும். மாநிலங்களின் சொந்த வரியில் பெரும்பகுதி மாநில ஜி.எஸ்.டி., வாட், மதுவுக்கான வரி என்று மறைமுகமாகவே வருகிறது. அக்கா ஒரே பர்ஸிலிருந்துதான் இரண்டு அரசுக்கும் கட்டுகிறார்.

எனக்கு இதைவிட உறுத்துவது வருமானத்தின் தன்மையைப் பார்த்து வரி மாறுவது. 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒரு டாக்டரோ இன்ஜினியரோ அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 பைசா கட்டுகிறார். பட்டியலிட்ட பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு, 1.25 லட்சம் போக, 12.5 பைசா. 2024 ஜூலையில் 10இலிருந்து அதை உயர்த்தினீர்கள், மறுக்கவில்லை. ஆனாலும் உடம்பு வணங்கி வேலை செய்து வந்த பணத்துக்கு வரி கூட, பணம் பெற்றுப்போட்ட பணத்துக்கு வரி குறைவு. ரிட்டர்ன் படிவத்தில் இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் நிரப்பும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். 2023 பட்ஜெட்டில் மிகப் பெரிய வருமானக்காரர்களின் உச்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39க்கு இறங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அப்பா சேர்த்த ஆஸ்திக்கு மகன் ஒன்றும் கட்டவேண்டாம். இறந்தவர் விட்டுப்போன ஆஸ்திக்கு 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் போயிற்று. செல்வ வரியை (நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரியைச் சொல்லவில்லை) 1957இல் கொண்டுவந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அது 2015 பட்ஜெட்டில் ரத்தானது. 2013-14இல் நாடு முழுக்க வசூல் 1,008 கோடிதான், வசூலிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அது ஏன் அவ்வளவு குறைவு என்று எங்கள் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 1990களின் தொடக்கத்திலேயே பங்குகள் போன்ற நிதிச் சொத்துகளை அந்த வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். பெரும் பணக்காரர்களின் ஆஸ்தி எங்கே இருக்கிறதோ அதைத் தொடாமல் நகை, கார், இரண்டாவது வீடு என்று தேடினால் 1,008 கோடிதான் வரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ஓட்டையை அடைக்கவேண்டும். பானையையே தூக்கிப்போட்டுவிட்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஜி.எஸ்.டி. விகிதத்தை நிதியமைச்சர் தனியாக முடிவு செய்வதில்லை, ஜி.எஸ்.டி. மன்றம்தான் முடிவு செய்கிறது என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பெழுதக்கூடும். உண்மைதான். ஆனால் மன்றத்தின் தலைவர் நீங்கள். வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றியத்துக்கு, எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. பெட்ரோலோ மன்றத்துக்குள் வரவே இல்லை, அந்த 21 ரூபாய் 90 காசு முழுக்க உங்கள் கையில். அதில் மாநிலங்களோடு பகிரவேண்டிய அடிப்படைக் கலால் எவ்வளவு? 1 ரூபாய் 40 காசு. மீதி 20 ரூபாய் 50 காசும் செஸ் (ஒரு காரியத்துக்கென்று தனியாக வாங்கும் வரி), கூடுதல் தீர்வை என்ற பெயரில் வருவதால் பகிரவேண்டியதில்லை. மாநிலங்களின் பங்கு என்று நிதிக்குழு சொன்ன 41 சதவீதத்தை 1.40க்குக் கணக்கிட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. லிட்டருக்கு 57 காசு! அக்கா வீட்டுக்காரர் ஓட்டிப்போகும் ரோட்டையும், அவர் பையன் படிக்கும் ஐ.டி.ஐ.யையும், மாமியாரைக் காட்டும் அரசு ஆஸ்பத்திரியையும் நடத்துவது மாநிலம்.

விகிதங்களுக்குள்ளும் பாருங்கள். தங்கத்துக்கு 3 சதவீதம். பட்டை தீட்டிய வைரத்துக்கு 1.5. ரீசார்ஜுக்கு 18. தங்கத்துக்கு வரி கூட்டினால் கடத்தல் பெருகும் என்பது தெரிந்த காரணம், அதில் நியாயமும் உண்டு. அதாவது, தப்பிக்க வழி இருப்பவருக்கு வரி குறைகிறது. 299 ரூபாய் ரீசார்ஜைக் கடத்திக்கொண்டுவர முடியாது, அதனால் அது 18இலேயே நிற்கிறது.

2019 ஜூலை 5 அன்று உங்கள் முதல் பட்ஜெட் உரையில் புறநானூற்றிலிருந்து பிசிராந்தையார் பாடலை வாசித்தீர்கள். தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அலுவலகமே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. பாராளுமன்றத்தில் நம் பாட்டு, அதுவும் வரியைப் பற்றிய பாட்டு. சின்ன வயலில் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும், யானையே வயலுக்குள் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் சொன்னது. அன்றிலிருந்து அந்தப் பாட்டை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பட்ஜெட் ஆவணங்கள் யானையின் வாய்க்குள் போனதைப் பைசா சுத்தமாகக் காட்டுகின்றன. காலடியில் எவ்வளவு மிதிபட்டது, யாருடைய வயலில் மிதிபட்டது என்று காட்டும் ஒரு பக்கம்கூட அவற்றில் இல்லை.

நான் கேட்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

முடியாத காரியம் இல்லை. 2005-06 முதல் பட்ஜெட்டோடு பாலின அறிக்கை வருகிறது. எந்தத் திட்டத்தில் பெண்களுக்கு எவ்வளவு போகிறது என்று அது காட்டுகிறது. அதற்கு முன்னால் இப்படி ஒன்று சாத்தியம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வரிச் சலுகைகளால் எவ்வளவு வருவாய் வராமல் போகிறது என்ற அறிக்கையும் வருடாவருடம் வரவு ஆவணத்தின் பின்னிணைப்பாக வருகிறது. அதே மாதிரி 'வரிச்சுமை அறிக்கை' என்று ஒன்று வரட்டும். நாட்டின் குடும்பங்களை வருமானப்படி பத்துப் பிரிவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவும் தான் சம்பாதிப்பதில் நூற்றுக்கு எவ்வளவை வருமான வரியாக, ஜி.எஸ்.டி.யாக, பெட்ரோல் வரியாகக் கொடுக்கிறது என்று போடுங்கள். குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது, 2022-23க்கும் 2023-24க்கும் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு எடுத்து வெளியிட்டார்கள். எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்பதும் உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டவேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு தாளின் பின்பக்கத்தில் அரை மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போட்டேன். உங்கள் அமைச்சகத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் வந்துவிட்டால் மேலே நான் எழுதிய பலவற்றைப் பற்றி யாரும் யூகத்தில் பேசவேண்டியிருக்காது. அடுத்த தடவை கம்பெனி வரியைக் குறைக்கும்போதோ, பெட்ரோலுக்கு இரண்டு ரூபாய் கூட்டும்போதோ அட்டவணை எப்படி மாறுகிறது என்று எல்லாரும் பார்க்கலாம். நான் சொல்வது தப்பு என்றாலும் அதிலேயே தெரிந்துவிடும். என் கணக்கு தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ள நான் தயார், அது என் தொழில்.

பெட்ரோல் செஸ்ஸைப் பகிர்வதும், பெரும் ஆஸ்திக்கு ஓட்டையில்லாத ஒரு வரி போடுவதும், பங்கு லாபத்தையும் சம்பளத்தையும் ஒரே தட்டில் நிறுத்துவதும் பெரிய அரசியல் முடிவுகள், ஒரு பட்ஜெட்டில் நடந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் நடக்கவேண்டும். அறிக்கையை மட்டும் இந்த பிப்ரவரியிலேயே அறிவிக்க முடியும், ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு ஆகாது.

இன்னொரு சின்ன விண்ணப்பம். பட்ஜெட் உரையில் வரி செலுத்துவோருக்கு நன்றி சொல்லும் இடம் வரும்போது, ரீசார்ஜ் பண்ணுகிறவர்களையும் பெட்ரோல் போடுகிறவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் அன்று காலை பதினொரு மணிக்கு டி.வி. ஓடும். அக்காவும் அங்கேதான் இருப்பார்.

கணக்குப் போட்ட தாளின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன். அசலை அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார். பையனிடம் காட்டவேண்டுமாம்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் ஒருத்தி
ஈரோடு, ஜனவரி 2026